கார்ட்டில் இருக்கும் பத்து இன்ச்

சனி கிரகத்தைப் பத்திப் பேசின எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "ப்ரோ, எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?" அதுக்கு அடுத்தபடியா அதிகம் வந்தது: "ஒண்ணு வாங்கிட்டேன் ப்ரோ, அடுத்து என்ன வாங்கலாம்?" முதல் கேள்விக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லிடலாம். ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்த முழு எபிசோடும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் மேடை போட்டு உபதேசம் பண்ண வரலை. என்கிட்ட ஒரு 10×50 பைனாகுலர், ஒரு 6 இன்ச் டாப்சோனியன் இருக்கு. ஷாப்பிங் கார்ட்ல ஒரு 10 இன்ச் டாப்சோனியன் அஞ்சு மாசமா உக்காந்திருக்கு. பணமும் எடுத்து வெச்சாச்சு. பட்டனைத் தட்டணும், அவ்வளவுதான். அதனால இது எனக்கும் நிஜமான கேள்வி.

இந்த ஆசைக்கு வானம் பாக்கறவங்க வெச்சிருக்கிற பேர் "அபெர்ச்சர் ஃபீவர்". அபெர்ச்சர்னா டெலஸ்கோப்போட வாய் விட்டம். பெரிய விட்டம், அதைவிடப் பெரிய விட்டம்னு ஏறிக்கிட்டே போற காய்ச்சல். இந்தக் காய்ச்சலுக்கு ஒரு நியாயமும் இருக்கு. விட்டம் ரெண்டு மடங்கானா சேர்ற வெளிச்சம் நாலு மடங்கு. நல்லா இருட்டுக்குப் பழகின நம்ம கண்ணோட பாப்பா சுமார் 7 மில்லிமீட்டர் விரியும். அதோட ஒப்பிட்டா 50 மில்லிமீட்டர் பைனாகுலர் 50 மடங்கு வெளிச்சம் சேர்க்குது. என் 6 இன்ச் சுமார் 450 மடங்கு. கார்ட்ல இருக்கிற 10 இன்ச் 1,300 மடங்கு. இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்துட்டு ஒரு இன்ஜினியர் எப்படித் தூங்குவான்?

ஆனா ஒரு பொருளோட நிக்காது. வாங்கினவங்களுக்குத் தெரியும். டெலஸ்கோப்போட வந்த ஐபீஸ் சுமாரா இருக்கும், அதனால நல்ல ஐபீஸ். அதுக்கப்புறம் பார்லோ லென்ஸ். ஆப்டிக்ஸ் நல்லாயிடுச்சுன்னா ஸ்டாண்டு ஆடறது கண்ணுல படும், அதனால மவுண்ட். போட்டோ எடுக்கணும்னு தோணிட்டா இன்னும் மோசம். வானம் சுத்தறதுக்கு ஈடா சுத்துற ஈக்வடோரியல் மவுண்ட் வேணும். அது சரியாத்தான் சுத்துதான்னு கண்காணிக்க ஒரு குட்டி டெலஸ்கோப், அதுக்கு ஒரு கேமரா. மெயின் கேமரா சூடானா படத்துல புள்ளி விழும், அதனால கூலிங் வெச்ச கேமரா. நகர வெளிச்சத்தை வடிகட்ட ஃபில்டர். எல்லாத்தையும் ஓட்ட ஒரு மினி பிசி. எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்க ஒரு பவர் ஸ்டேஷன். ஒவ்வொண்ணும் வாங்கும்போது நியாயமான காரணம் இருக்கும். அதுதான் இதுல இருக்கிற சிக்கல். யாரும் முட்டாள்தனமா வாங்கறதில்லை; ஒவ்வொரு படியும் முந்தின படிக்கு ஒழுங்கான பதிலாத்தான் இருக்கு.

இன்னொரு விஷயம், நம்ம ஊருக்கே உரியது. சென்னையில வானம் மூடியிருக்கிற காலம் எது? அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், வடகிழக்குப் பருவமழை. ஆன்லைன் கடைகள்ல தீபாவளி சேல் வர்றது எப்போ? அதே சமயம். மூணு மாசம் ஒரு நட்சத்திரம்கூட ஒழுங்கா தெரியாது, கையில போனஸ் இருக்கும், போன்ல தள்ளுபடி நோட்டிஃபிகேஷன் வந்துக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல வானத்தோட தொடர்புள்ள எதையாவது செய்யணும்னு மனசு தவிக்கும்போது, செய்ய முடிஞ்ச ஒரே வேலை வாங்கறதுதான். ரிவ்யூ வீடியோ பாக்கலாம், ஸ்பெக்ஸ் ஒப்பிடலாம், பார்சல் எங்க வந்திருக்குன்னு டிராக் பண்ணலாம். என் கார்ட்டுக்கு அந்த 10 இன்ச் வந்து சேர்ந்ததும் ஒரு அக்டோபர் ராத்திரிதான். வெளிய பேய் மழை.

ஆபீஸ்ல ஒரு சர்வர் மெதுவா ஓடுதுன்னா உடனே பெரிய மெஷின் வாங்கிப் போட மாட்டோம். முதல்ல ப்ரொஃபைல் பண்ணுவோம், பாட்டில்நெக் எங்கன்னு பாப்போம். அதே மாதிரி நான் ஒரு வருஷம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வெச்சிருந்தேன். ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு வரி. பாத்தேனா, பாக்கலையா, பாக்கலைன்னா ஏன், பாத்தேன்னா எது தடுத்துச்சு.

டெலஸ்கோப்பை வெளிய எடுத்தது 31 ராத்திரி. வானம் தெளிவா இருந்தும் எடுக்காதது 58 ராத்திரி. மிச்சமெல்லாம் மேகம், மழை, இல்லைன்னா நான் ஊர்லயே இல்லை. அந்த 58தான் சுவாரசியம். அமெரிக்க டீமோட கால் இருந்தது 22. உடம்பு அசதி 19. மொட்டை மாடி சாவி கிடைக்காதது, இல்லைன்னா மாடியில யாரோ பர்த்டே கொண்டாடினது 9. பௌர்ணமிக்குப் பக்கம், அதனால போகலைன்னு நானே எழுதி வெச்சது 8. சரி, வெளிய எடுத்த 31 ராத்திரியில "இன்னும் பெரிய கண்ணாடி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்"னு எழுதினது எத்தனைன்னு நினைக்கிறீங்க? மூணு. அந்த மூணும் சென்னையில இல்லை. ஜவ்வாது மலைப் பக்கம் போயிருந்தப்போ.

இது ஏன்னு கொஞ்சம் விளக்கணும், ஏன்னா டெலஸ்கோப் பெட்டியில இதை அச்சடிக்க மாட்டாங்க. பெட்டியில என்ன இருக்கும்? "525 மடங்கு பெரிதாக்கும்"னு இருக்கும். பெரிதாக்கறது ஒரு பெரிய விஷயமே இல்லை. டெலஸ்கோப்போட குவியத்தூரத்தை ஐபீஸோட குவியத்தூரத்தால வகுத்தா வர்ற எண் அது. சின்ன ஐபீஸ் போட்டா எண் ஏறும். ஆனா ஒரு மில்லிமீட்டர் விட்டத்துக்கு சுமார் 2 மடங்கு, அதுக்கு மேல போனா புதுசா எதுவும் தெரியாது. 60 மில்லிமீட்டர் டெலஸ்கோப்னா 120 மடங்கோட கதை முடிஞ்சது. மிச்சம் 405 மடங்கும் மங்கலைப் பெரிசாக்கிக் காட்டுறது மட்டும்தான்.

இப்போ நகர வெளிச்சம். நிலா, கிரகங்கள், இரட்டை நட்சத்திரங்கள், இதுக்கெல்லாம் தெருவிளக்கு ஒரு தொந்தரவே இல்லை. நடு தி.நகர்லயும் சனியோட வளையம் தெரியும். ஆனா காலக்ஸி, நெபுலா இதெல்லாம் புள்ளி இல்லை, பரவிக் கிடக்கிற மங்கலான வெளிச்சம். டெலஸ்கோப் அந்த வெளிச்சத்தைப் பெரிசாக்கும்போது, அது பின்னாடி இருக்கிற வானத்தோட வெளிச்சத்தையும் சேத்துத்தான் பெரிசாக்குது. 10 இன்ச்னாலும் அப்படித்தான், 20 இன்ச்னாலும் அப்படித்தான். பின்னணிக்கும் பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணாடியால கூட்ட முடியாது. இருட்டான இடத்துக்குப் போனாத்தான் அது கூடும்.

எண்ல சொன்னா இன்னும் புரியும். 6 இன்ச்ல இருந்து 10 இன்ச்சுக்குப் போனா எனக்குக் கிடைக்கிற லாபம் ஒரு மேக்னிட்யூடுக்குக் கொஞ்சம் மேல. மேக்னிட்யூடுன்னா நட்சத்திரங்களோட பிரகாச அளவு. 5 மேக்னிட்யூடு வித்தியாசம்னா பிரகாசம் சரியா 100 மடங்கு மாறும். இந்த அளவுகோலை 1856ல முறைப்படுத்தினவர் நார்மன் போக்சன். அவர் 1861ல மெட்ராஸுக்கு வந்து நம்ம நுங்கம்பாக்கம் வானாய்வகத்துல வேலை பாத்தவர். எங்க விட்டேன்? ஆங், ஒரு மேக்னிட்யூடு. என் மாடியில இருந்து கிளம்பி ஜவ்வாது மலைக்குப் போனா வெறும் கண்ணுக்கே ரெண்டு மேக்னிட்யூடுக்கு மேல லாபம். பின்னணி வெளிச்சம் சுமாரா இருபதுல ஒரு பங்காக் குறையுது. வைணு பாப்பு 1960கள்ல காவலூரைத் தேடிப் போனதுக்கும் இருட்டு ஒரு முக்கியமான காரணம். அங்க இப்போ 2.34 மீட்டர் டெலஸ்கோப் நிக்குது. அவ்வளவு பெரிய கண்ணாடியைச் செஞ்சவங்களும் அதை முதல்ல இருட்டுக்குத்தான் தூக்கிட்டுப் போனாங்க.

இதைப் பேசும்போது எனக்கு எப்பவும் வில்லியம் ஹெர்ஷல் ஞாபகம் வருவார். அபெர்ச்சர் ஃபீவர்ல அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தொழில்ல இசைக் கலைஞர். டெலஸ்கோப் வாங்கற அளவுக்கு வசதி இல்லாததால தானே உலோகத்தை உருக்கி, கண்ணாடி தேச்சு செய்ய ஆரம்பிச்சார். தேய்க்கும்போது பாதியில நிறுத்தக் கூடாதுன்னு மணிக்கணக்கா நின்னு தேய்ப்பார். தங்கச்சி கரோலின் பக்கத்துல நின்னு சோறு ஊட்டுவாங்க. 1781 மார்ச் 13ஆம் தேதி, இங்கிலாந்துல பாத் ஊர்ல, வீட்டுத் தோட்டத்துல நின்னு யுரேனஸைக் கண்டுபிடிச்சார். அதுக்கு அவர் பயன்படுத்தின கண்ணாடியோட விட்டம் 6.2 இன்ச். கிட்டத்தட்ட என் டெலஸ்கோப் சைஸ்! இதை என் ரூம்ல எழுதி ஒட்டி வெச்சிருக்கேன்.

அதுக்கப்புறம் அவருக்குக் காய்ச்சல் ஏறிடுச்சு. மூணாம் ஜார்ஜ் மன்னர் 4,000 பவுண்ட் குடுத்தார். 40 அடி நீளக் குழாய், 4 அடி விட்டக் கண்ணாடி, 1789ல வேலை முடிஞ்சது. உலகத்துலயே பெரிசு. பாக்க ஊரே வந்துச்சு. ஆனா திருப்ப ஆள் வேணும், அசைக்கறது பெரும்பாடு, உலோகக் கண்ணாடி சீக்கிரம் கறுத்துப் போகும், திரும்பத் தேய்க்கணும். கடைசியில அவர் பெரும்பாலான வேலையைச் செஞ்சது அதுக்கு முன்னாடி கட்டின 20 அடி டெலஸ்கோப்ல, 18 இன்ச் சொச்சம் கண்ணாடியில. அவருக்கு அந்த 20 அடி ஒத்துழைச்ச மாதிரி 40 அடி ஒத்துழைக்கலை.

ஆனா ஹெர்ஷலோட கதையைச் சொல்லி "பாத்தீங்களா, பெரிசு வேண்டாம்"னு முடிச்சா அது அநியாயம். அந்த 20 அடியும் பெரிய டெலஸ்கோப்தான். யுரேனஸ் கண்டுபிடிச்ச 6.2 இன்ச்சோட அவர் நின்னிருந்தா, ஆயிரக்கணக்கான நெபுலாக்களோட பட்டியல் நமக்குக் கிடைச்சிருக்காது. அப்போ கேள்வி பெரிசா சின்னதான்னு இல்லை. வாங்கின பொருள் எந்தத் தடையை நகர்த்துது, அந்தத் தடை நிஜமாவே உங்க வழியில இருக்கான்னுதான் பாக்கணும்.

எதிர்ப்பக்கத்துல ஒருத்தர். ஜார்ஜ் ஆல்காக், இங்கிலாந்துல பள்ளி வாத்தியாரா இருந்தவர். பைனாகுலர்ல தெரியற நட்சத்திரக் கூட்டங்களை மனப்பாடமே பண்ணி வெச்சிருந்தார், ஆயிரக்கணக்கில. புதுசா ஒரு புள்ளி இருந்தா கண்ணு தானா அங்க போய் நிக்கும். வாழ்நாள்ல 5 வால்நட்சத்திரம், 5 நோவா கண்டுபிடிச்சார். 1983 மே மாசம் வீட்டுக்குள்ளேயே இருந்து, மூடின ஜன்னல் கண்ணாடி வழியா 15×80 பைனாகுலர்ல பாத்துக்கிட்டிருக்கும்போது ஒரு வால்நட்சத்திரத்தைப் பிடிச்சார். அந்த வால்நட்சத்திரத்தோட பேர் ஐராஸ்-அராக்கி-ஆல்காக். ஐராஸ்ங்கிறது விண்வெளியில சுத்துற செயற்கைக்கோள். அராக்கி ஜப்பான்காரர். மூணாவது பேர் ஜன்னலோரத்து வாத்தியார். பூமிக்கு சுமார் 47 லட்சம் கிலோமீட்டர் பக்கத்துல வந்துட்டுப் போச்சு அது. 200 வருஷத்துக்கு மேல எந்த வால்நட்சத்திரமும் அவ்வளவு கிட்ட வந்திருக்கலை. கவனிங்க, 15×80 ஒண்ணும் பொம்மை பைனாகுலர் இல்லை, நல்ல கருவிதான். ஆனா அவர்கிட்ட இருந்த பெரிய கருவி அந்த மனப்பாடம். அதை எந்தக் கடையிலயும் விக்கலை, அதுக்கு சேல் டேட்டும் இல்லை.

சரி, நம்ம பக்கம் வருவோம். என் லிஸ்ட்ல அந்த 9 ராத்திரி இருந்துச்சே, மாடி சாவி கிடைக்காதது, அதைத்தான் முதல்ல சரி பண்ணினேன். எங்க அப்பார்ட்மெண்ட்ல சாவி அசோசியேஷன் செகரட்டரி அங்கிள்கிட்ட இருக்கும். ஒன்பது மணிக்கு மேல கேட்டா, "என்ன தம்பி, இந்நேரத்துக்கு மாடியில என்ன வேலை?"ன்னு ஒரு பார்வை பாப்பார். ஒரு நாள் சாயங்காலம் அவரோட அம்மாவை லிஃப்ட் வரைக்கும் கூட்டிட்டு வந்து, கடைசிப் படிக்கட்டுல கை பிடிச்சு ஏத்தி, நிலாவைக் காட்டினேன். பாட்டி ரொம்ப நேரம் கண்ணை எடுக்கலை. அப்புறம் கேட்டாங்க, "இதுல அம்மை வடு மாதிரி இருக்கே, எப்பவும் இப்படியேதான் இருக்குமா?" இருக்கும் பாட்டின்னேன். மறுநாள் காலையில அங்கிள் டூப்ளிகேட் சாவி குடுத்தார். செலவு ஐம்பது ரூபாய், சாவி போட்ட கூலி. ஒரு வருஷத்துக்கு ஒன்பது ராத்திரி லாபம். எந்த ஐபீஸும் இந்த விலைக்கு இதைச் செய்யாது.

என் 6 இன்ச் சுமார் 15 கிலோ. ரெண்டு நடையில மாடிக்குப் போயிடும். அந்த 10 இன்ச் 25 கிலோவுக்கு மேல. எங்க லிஃப்ட் நாலாவது மாடியோட நின்னுடும், அதுக்கு மேல படிக்கட்டு. அசதின்னு எழுதின 19 ராத்திரி, 10 இன்ச் வந்தா எத்தனை ஆகும்னு நீங்களே யோசிங்க.

வாங்கவே கூடாதான்னு கேட்டா, சிலதை யோசிக்காம வாங்கலாம். சாயற மாதிரி ஒரு நாற்காலி, பைனாகுலர்க்காரங்களுக்கு. கழுத்து வலியில பாதிப் பேர் இந்த ஹாபியை விடறாங்கன்னு என் சந்தேகம். சிவப்பு விளக்கு, ஏன்னா வெள்ளை வெளிச்சம் பட்டா கண்ணு திரும்ப இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். டார்ச் மேல சிவப்பு செலோபன் பேப்பர் சுத்தினாலும் போதும். சிலிகா ஜெல், நிறைய சிலிகா ஜெல். நம்ம கடற்கரை ஈரத்துல லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும், பிடிச்சா கோட்டிங்கையே தின்னுடும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கறீங்கன்னா டார்ச்சை லென்ஸ்குள்ள அடிச்சு, சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரியுதான்னு பாத்துட்டுக் காசு குடுங்க. முதல் டெலஸ்கோப்பா 6 இல்ல 8 இன்ச் டாப்சோனியன். ஜான் டாப்சன்கிற மனுஷன் கலிஃபோர்னியாவுல ராமகிருஷ்ண மடத்துத் துறவியா 23 வருஷம் இருந்தவர்; கிடைச்ச கண்ணாடி, அட்டைக் குழாய், பிளைவுட்டை வெச்சு இந்த டிசைனைப் பிரபலமாக்கினார். மடத்தை விட்டு வெளிய வந்ததும் சான் பிரான்சிஸ்கோ தெருவோரத்துல நிறுத்தி, போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் காட்டினார். இன்னிக்கு அதே டிசைன் என் கார்ட்ல விலைப்பட்டியலோட இருக்கு.

அந்த 10 இன்ச்சை என்ன பண்ணினேன்? அழிக்கலை. ஒரு கண்டிஷன் வெச்சிருக்கேன். எடுத்து வெச்ச பணத்துல ஒரு பகுதி, ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் நாலு அமாவாசைக்கு மலைப் பயணம். ஸ்ப்ரெட்ஷீட்ல "பெரிய கண்ணாடி வேணும்" காலம் பத்தைத் தொட்டா வாங்கிடுவேன், மனசாட்சி உறுத்தாம. இப்போதைக்கு அஞ்சுல நிக்குது. ரெண்டு பயணம் முடிஞ்சிருக்கு. பிப்ரவரியில தெற்கே தாழ்வா அகத்தியர் நட்சத்திரம் அப்படி ஜொலிச்சுது. ஏப்ரல் நடுராத்திரி ஒமேகா சென்டாரி உச்சத்துக்கு வரும். லண்டன்ல உக்காந்துக்கிட்டு எவ்வளவு விலை குடுத்து டெலஸ்கோப் வாங்கினாலும் அது தெரியாது, அடிவானத்துக்கு மேலயே வராது. நமக்கு பைனாகுலர்லயே தெரியும்.

கடைசியா ஒரு நண்பர் விஷயம், அவர் அனுமதியோட சொல்றேன். கூட வேலை பாக்கறவர். போட்டோ எடுக்கற செட்டப், நான் முதல்ல சொன்ன முழு லிஸ்ட்டும் அவர் வீட்டுல இருக்கு. இன்னும் இஎம்ஐ ஓடுது. அருமையான படங்கள் எடுத்திருக்கார், அதைக் குறை சொல்ல மாட்டேன்; கருவிகளைப் பொருத்தி, கோடு எழுதி, ஓட வெக்கறதே அவருக்கு ஒரு சுகம். அது ஒரு தனி ஹாபி, அப்படியே ஒத்துக்கிட்டா வம்பே இல்லை. ஆனா எட்டு மாசமா பெட்டியைத் திறக்கலை. எல்லாத்தையும் பொருத்தி முடிக்க ஒண்ணரை மணி நேரம் ஆகுமாம், அதை நினைச்சாலே வேண்டாம்னு தோணுதாம். போன மாசம் அவரோட நாலு வயசுப் பொண்ணு, "அப்பா, எனக்கு நிலா காட்டு"ன்னு கேட்டிருக்கா. அப்போதான் பாத்திருக்கார், வீட்டுல கண்ணை வெச்சுப் பாக்க ஒரு ஐபீஸ்கூட இல்லை. எல்லாமே கேமராவுக்குத்தான். லேப்டாப் ஸ்கிரீன்ல காட்டியிருக்கார். "இது டிவி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாளாம்.

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார், ஆனா அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் பேசலை. நான் என் பைனாகுலரைக் குடுத்து அனுப்பினேன். மூணு வாரம் ஆச்சு, இன்னும் திரும்பி வரலை. கேட்டா, அவ தலைமாட்டுல வெச்சுத் தூங்கறாளாம். இப்போ நான் 10×50 இல்லாம இருக்கேன், அதனால ஒரு பைனாகுலர் வாங்கறதா இருக்கேன். ஆமா, தெரியும், சிரிங்க.

அடுத்த எபிசோட் ரெண்டு வாரத்துல. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. எந்த ஊர்ல இருந்து பாக்கறீங்க, மாடியா தெருவா, எத்தனை மாடி ஏறணும்னும் சேத்துச் சொல்லுங்க. அது தெரியாம எந்த டெலஸ்கோப் வாங்கலாம்னு என்னால சொல்ல முடியாது.